எட்டாவது படித்த ஸ்வீட் மாஸ்டர் துபாய் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வடக்குரதவீதி

தாய்மாமாவுக்காகக் கேட்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் கிராமம். எட்டாவது முடித்ததும் திருநெல்வேலியில் ஒரு அல்வாப் பட்டறையில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவர், அப்புறம் கையாள், அப்புறம் அடுப்பு என்று வந்து இப்போது மதுரையில் ஒரு பெரிய கடையில் ஸ்வீட் மாஸ்டர். அல்வா, மைசூர்பாகு, லட்டு, ஜாங்கிரி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். பால் ஐட்டம் சுமார்தான், அதை அவரே ஒத்துக்கொள்வார்.

துபாயில் ஒரு ரெஸ்டாரன்டுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். ஆஃபர் லெட்டரில் 'கிச்சன் ஹெல்ப்பர்' என்றுதான் போட்டிருக்கிறது, போனதும் மாஸ்டர் என்று மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். முதலில் விசிட் விசாவில் போக வேண்டுமாம். இங்கே முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் வேறு பாக்கி நிற்கிறது. மாமா போக ஆசைப்படுகிறார், அத்தைக்கு இஷ்டமில்லை. நான்தான் வீட்டில் இன்டர்நெட் தெரிந்த ஆள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

காரச்சேவு

ஒன்றரை லட்சம் கொடுத்து ஹெல்ப்பர் வேலையா? அதற்கு மதுரையிலேயே சும்மா பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்கள், பணமாவது மிஞ்சும்.

கம்பிப்பதம்

தம்பி, நான் இந்தத் தொழிலில் இருந்தவன். தென்காசிப் பக்கம் ஊர். நெல்லை, சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று அடுப்படிகளிலேயே வயது போய், இப்போது ஊரில் கல்யாண ஆர்டர் மட்டும் எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நம் தொழிலே ஊர் விட்டு ஊர் போய் வளர்ந்த தொழில்தான். திருநெல்வேலி அல்வாவைக் கொண்டுவந்தவர்களே வடக்கே ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பங்கள். கீழக்கரைத் தொதல் கிண்டுகிறவன் மலேசியாவுக்குப் போனால் அங்கே அதன் பங்காளியை 'டோடோல்' என்று விற்பதைப் பார்ப்பான். சரக்கும் ஆளும் எப்போதும் கடல் தாண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆஃபர் லெட்டர் வேண்டாம். ஹெல்ப்பர் என்று கையெழுத்துப் போட்டால் அங்கே போய் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். அடுப்பில் மாஸ்டர் வேலை வாங்குவார்கள், சம்பளச் சீட்டில் ஹெல்ப்பர் சம்பளம் வரும். நான் பார்த்த கையான ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான் மாட்டினார்கள். பத்து வருஷம் கழித்து வேறு கடைக்குப் போகலாம் என்று பார்த்தால், காகிதப்படி அவர்கள் பத்து வருஷம் வெங்காயம் உரித்தவர்கள். நம் ஊரில் மாஸ்டர் யார் என்று தெருவுக்கே தெரியும், 'அவர் கை' என்று ஆள் தேடி வருவான். விமானம் ஏறிவிட்டால் உங்கள் கையை யாருக்கும் தெரியாது, காகிதத்தில் இருப்பதுதான் நீங்கள்.

எமிக்ரேஷன்_கணேசன்

இதில் சட்ட விஷயம் கொஞ்சம் இருக்கிறது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகையில், அதாவது 'குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை' என்ற முத்திரையோடு வரும். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன்அனுமதி வேண்டும். அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் கிடையாது. ஏஜென்ட் ஏன் விசிட் விசாவில் வரச் சொல்கிறார் என்றால் இதற்காகத்தான். வேலை விசாவில் போனால் ஒப்பந்தத்தை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் ஏற்றி, சம்பளம் என்ன, வேலை என்ன என்று காட்ட வேண்டும். சுற்றுலா என்று போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நாளைக்குப் பிரச்சினை என்றாலும் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.

அடுத்தது கட்டணம். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும், அதாவது 35,400. ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றாலே அவர் பதிவு பெற்றவரா என்று அதே தளத்தில் பார்த்துவிடுங்கள். போதாததற்கு, அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவை முதலாளி தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது.

ஈசிஆர் ஆட்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் வெறும் 275 ரூபாய். விசிட் விசாவில் போகிறவருக்கு இது எதுவும் இல்லை.

வடக்குரதவீதி

நன்றி சார். ஏஜென்ட் பதிவு எண் கேட்டேன், 'அதெல்லாம் சென்னை ஆபீஸில் இருக்கிறது' என்கிறார்.

காரச்சேவு

கடைசி வரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

செரங்கூன்வாசி

துபாயை விடுங்கள், சிங்கப்பூர் யோசித்தீர்களா? முன்பெல்லாம் இந்தியாவிலிருந்து சமையல்காரர் எடுக்க எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறன் வேலை அனுமதிதான் வழி, அதற்குச் சம்பள வரம்பு அதிகம், சின்னக் கடைகளால் கட்டுப்படியாகாது. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் ஒர்க் பெர்மிட்டிலேயே சமையல்காரர்களை எடுக்கலாம் என்று வந்தது. மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் தர வேண்டும். கடையின் மொத்த ஆட்களில் இப்படி எடுப்பவர்கள் 8 சதவீதம் வரைதான் என்ற கட்டுப்பாடும் உண்டு, அதனால் சின்னக் கடையில் ஒரு ஆள் எடுப்பதே பெரிய விஷயம்.

வேலைக்கு வருமுன் ஐபிஏ என்ற கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் வரும். அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் இருக்கும். உங்கள் தாய்மொழியிலும் அதன் பிரதி கொடுக்க வேண்டும். அதை வாசிக்காமல் விமானம் ஏறாதீர்கள். லெவி என்று முதலாளி அரசுக்குக் கட்டும் வரியைச் சம்பளத்தில் பிடிப்பதும், பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பதும் இங்கே குற்றம்.

இங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் தீபாவளிக்கு முந்திய மாதம் வந்து பாருங்கள், ஸ்வீட் மாஸ்டருக்கு என்ன மரியாதை என்று தெரியும்.

கம்பிப்பதம்

அந்த ஒரு மாதம் மட்டும்தான் மரியாதை, அதையும் சொல்லுங்கள் அண்ணாச்சி. மீதிப் பதினொரு மாதம் மாஸ்டரைப் புரோட்டாக் கல்லில் நிற்க வைப்பார்கள், பிரியாணி அண்டா தூக்கச் சொல்வார்கள். ஸ்வீட் மட்டும் போட்டுச் சம்பளம் வாங்கும் அளவுக்கு வியாபாரம் உள்ள கடை வெளிநாட்டில் குறைவு. நான் சிங்கப்பூரில் இருந்தபோது காலையில் வடை, மதியம் கறிக்குழம்பு, ராத்திரி எல்லோரும் போனபிறகுதான் ஜாங்கிரிக்கு உளுந்து. மாமாவுக்குக் காரமும் டிபனும் தெரியும் என்றால் சொல்லச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் இப்போதே இங்கே கற்றுக்கொள்ளட்டும். இது அவமானம் இல்லை, ஆனால் எதிர்பார்க்காமல் போனால் மனது உடைந்துவிடும்.

பாளை_பிரியன்

எல்லாம் சரி, நெல்லை அல்வாவைத் துபாயில் எப்படிக் கிண்டுவார்? தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அந்த ருசி வராது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கம்பிப்பதம்

இந்தத் தண்ணீர் கதையை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! ஊர்ப்பெருமைக்குச் சொல்வது நல்லதுதான், நானும் கஸ்டமரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அடுப்படியில் நின்றவனுக்குத் தெரியும், அல்வாவைத் தீர்மானிப்பது கோதுமைப் பாலும் நெருப்பும் பொறுமையும். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வடிக்கிறோம். தெளியும்போது ஏறும் புளிப்பு எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதுதான் விஷயம். நம் ஊர் வெயிலில் ஒரு ராத்திரியில் வருவது ஏசி ஓடும் கிச்சனில் வராது, குளிர்ப்பிரதேசத்தில் இன்னும் இழுக்கும். இங்கே பழகிய நேரக் கணக்கை அங்கே கொண்டுபோனால் அல்வா சப்பென்று இருக்கும், உடனே தண்ணீரைத் திட்டுவார்கள்.

நிறமும் அப்படித்தான். சர்க்கரையைத் தனியாகக் காய்ச்சிக் கருக்கிச் சேர்த்து வருவதுதான் அந்தப் பழுப்பு. அதை ஒரு நிமிஷம் விட்டால் கசப்பு. கேஸ் அடுப்பு, இண்டக்ஷன், நீராவிக் கொப்பரை, மூன்றிலும் அந்த ஒரு நிமிஷம் வெவ்வேறு இடத்தில் வரும். விறகடுப்பில் சட்டி முழுக்கச் சூடு ஏறும், இண்டக்ஷனில் அடி மட்டும் கொதித்து ஓரம் சும்மா கிடக்கும். மைசூர்பாகுக்கு இது உயிர் போகிற விஷயம். ஜீரா (சர்க்கரைப் பாகு) கம்பிப்பதம், கடலை மாவு, அதில் கொதிக்கக் கொதிக்க நெய் ஊற்றும்போது பொங்கி நுரைத்து உள்ளே கண்ணு, அதாவது சின்னச் சின்னத் துளை, விழ வேண்டும். நெய்ச்சூடு ஒரு சொட்டு குறைந்தாலும் கண்ணு விழாது, களி மாதிரி உட்கார்ந்துவிடும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

பால் விஷயத்தை நான் சொல்கிறேன். லண்டனில் ஒரு சின்ன இனிப்புக் கடையில் பங்கு வைத்திருக்கிறேன், மாஸ்டர்கள் வந்து முதல் வாரம் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். சூப்பர்மார்க்கெட் பால் எல்லாம் ஹோமோஜெனைஸ் செய்தது, கொழுப்பைப் பொடியாக உடைத்துப் பால் முழுக்கக் கலந்துவிடுவார்கள். ஆடை கட்டாது. பாசந்திக்கு ஆடை ஒதுக்கலாம் என்று விடிய விடிய நின்ற மாஸ்டர் ஒருவர் பாலைத்தான் திட்டினார். திரித்துச் சேனா (ரசகுல்லாவுக்கான பால்திரட்டு) எடுத்தாலும் கட்டு இல்லாமல் பொலபொலவென்று வரும், ரசகுல்லா ஜீராவில் பிரிந்துபோகும். ஹோமோஜெனைஸ் செய்யாத பால் தேடி வாங்கினால்தான் சரிவரும், விலை கூடுதல். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போட்ட கையானாலும் முதலில் அந்தப் பாலோடு பழக வேண்டும்.

அப்புறம் லேபிள். இங்கே 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியே ஆக வேண்டும். பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி பாதாம், எள் எல்லாம் அதில் வரும், அதாவது நம் இனிப்புக் கடை முழுவதும். 2021 அக்டோபரிலிருந்து கடையிலேயே பொட்டலம் கட்டி வைத்து விற்பதற்கும் முழுப் பொருள் பட்டியல் ஒட்ட வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சாண்ட்விச்சில் இருந்த எள்ளால் இறந்துபோனதற்குப் பிறகு வந்த சட்டம். மாஸ்டர் 'கொஞ்சம் முந்திரி தூவினேன்' என்று சாதாரணமாகச் சொல்வதற்கு இங்கே இடமில்லை, பட்டியலில் இல்லாத ஒரு முந்திரி தூவினால் கடையை மூட வைக்கலாம்.

கலர்ப்பொடியும் அப்படித்தான். ஜாங்கிரிக்கும் கேசரிக்கும் போடும் சன்செட் எல்லோ, டார்ட்ராசின் இங்கே தடை இல்லை, ஆனால் 2010இலிருந்து 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்று லேபிளில் எழுத வேண்டும். அதை வாசித்துவிட்டு எந்தத் தாய் வாங்குவாள்? நாங்கள் மஞ்சளும் குங்குமப்பூவும் போட்டு வெளிறின ஜாங்கிரிதான் விற்கிறோம். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் 'என்ன இது, காமாலை தெளிஞ்ச மாதிரி இருக்கு' என்பார்கள்.

காரச்சேவு

அக்கா, லண்டனுக்கே மாமாவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்களேன்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

கூப்பிட ஆசைதான், கதவு சாத்தியாயிற்று. 2024 ஏப்ரலில் திறன் விசாவுக்குப் பொதுச் சம்பள வரம்பை 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஏற்றினார்கள். 2025 ஜூலை 22இலிருந்து பட்டப்படிப்பு அளவுள்ள வேலைகளுக்கு மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள், புதிதாகச் சமையல்காரர் எடுக்க அந்த வழி இல்லை. 'லண்டன் செஃப் விசா, உடனடி' என்று எவனாவது இப்போது பணம் கேட்டால் ஓடிவிடுங்கள்.

பாளை_பிரியன்

தண்ணீர் விஷயத்தில் நான் மாறமாட்டேன். ஆனால் கம்பிப்பதம் அண்ணாச்சி சொல்வதைப் பார்த்தால் அவர் கிண்டினால் எந்தத் தண்ணீரிலும் சாப்பிடலாம் போலிருக்கிறது.

வடக்குரதவீதி

எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பால் விஷயம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அப்போ பவுடரில் கோவா கிண்டுவார்களா' என்று கேட்டார். ஏஜென்ட் பற்றிச் சொன்னதற்கு ஒன்றும் பேசவில்லை. அத்தை மட்டும் உள்ளேயிருந்து 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்றார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, அவர் கைவேலைக்கு ஏதாவது சர்டிபிகேட் வாங்க முடியுமா? இரண்டு, அட்வான்ஸ் பாக்கியை என்ன செய்வது?

கம்பிப்பதம்

மாமாவிடம் சொல்லுங்கள், ஆமாம், பவுடரில்தான் பாதிக் கடைகளில் கோவா. பால் பவுடர், நெய், கிரீம் போட்டு கிண்டினால் பர்ஃபிக்கு வரும், பால்கோவாவுக்கு வராது. அந்தக் கேள்வி கேட்டார் பாருங்கள், அதனால்தான் சொல்கிறேன், அவர் போனால் பிழைத்துக்கொள்வார். வெளிநாட்டில் தேறுகிறவன் கை வேகமானவன் இல்லை. 'இந்தச் சரக்கு ஏன் இப்படி நடக்கிறது' என்று கேட்கிறவன். நான் முதலில் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சிரித்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். ஒற்றைக் கம்பிப்பதம் 105 டிகிரி பக்கம், உருட்டுப்பதம் 115 பக்கம் என்று எழுதிவைத்துக்கொண்டவன் எந்த அடுப்பு கொடுத்தாலும் இரண்டாவது நாள் சரக்குக் கொடுத்தான். விரல் நடுவே பாகை இழுத்துப் பார்ப்பது கூடாது என்று சில கிச்சன்களில் கையுறை போடச் சொல்வார்கள், அங்கே விரல் பதம் உதவவே உதவாது.

இன்னொன்று. அளவுகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் மாஸ்டர்கள் கையளவு, கண்ணளவு என்று வாழ்கிறவர்கள், எழுதிவைத்தால் முதலாளி வாங்கிக்கொண்டு துரத்திவிடுவான் என்று பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது, எனக்கே அப்படி ஒரு கடையில் நடந்தது, செய்முறையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த தீபாவளிக்குள் சம்பளம் குறைந்த ஆளைப் போட்டுவிட்டார்கள். அதனால் நோட்டு தன் பையில் இருக்கட்டும். ஆனால் ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் அடக்கம் என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் அங்கே கிச்சன் பொறுப்பில் வைப்பார்கள். கிண்ட மட்டும் தெரிந்தவன் கடைசிவரை கிண்டிக்கொண்டுதான் இருப்பான்.

அட்வான்ஸை அடைக்காமல் கிளம்பாதீர்கள். நம் பட்டறைத் தொழிலில் அட்வான்ஸ்தான் கால்கட்டு என்பது எல்லோருக்கும் தெரியும், அடுத்த முதலாளி அடைத்துவிட்டுக் கூட்டிப்போவான், கடன் ஆள் மாறுமே தவிரக் குறையாது. வெளிநாட்டுக்குப் போகிற ஏஜென்ட் 'நான் அடைக்கிறேன்' என்றால் அதே கட்டு விமானம் ஏறி வருகிறது என்று அர்த்தம். சீசன் சம்பளத்தில் முதலில் அதை முடிக்கட்டும்.

எமிக்ரேஷன்_கணேசன்

சர்டிபிகேட்டுக்கு வழி உண்டு. மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு இருக்கிறது, ஆர்பிஎல் என்பார்கள். உணவுத் துறைக்கான திறன் குழுவில் பாரம்பரியத் தின்பண்டம், காரம் செய்பவர் என்று ஒரு பிரிவு உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'பாஸ்டாக்' பயிற்சிச் சான்றும் எடுத்துவைத்தால் நல்லது. இதை வைத்துக்கொண்டு வேலை கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆஃபர் லெட்டரில் 'சமையல்காரர்' என்று எழுதச் சொல்லிக் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

வேலைக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்துவிடுங்கள், சென்னை கிண்டியில் இருக்கிறது, 1978இலிருந்து நடக்கிறது. மெதுவாகத்தான் நகரும். ஆனால் ஒன்றரை லட்சம் கேட்கமாட்டார்கள்.

அமீரக ஒப்பந்தம் வந்தால் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலை முடித்து வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்றுதான் கணக்கு. 2,000 திர்ஹாமில் அடிப்படை 800 என்று போட்டு மீதியைப் படியாகக் காட்டினால் கடைசியில் கைக்கு வருவது அந்த 800இன் கணக்குத்தான்.

செரங்கூன்வாசி

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வில் எழுதிவிட்டால் என்ன? ஈசிஆர் தொல்லையே போய்விடுமே.

எமிக்ரேஷன்_கணேசன்

எழுதலாம். ஆனால் ஈசிஆரைத் தொல்லை என்று மட்டும் பார்க்க வேண்டாம். அந்த முத்திரையால்தான் அவருடைய ஒப்பந்தத்தை ஒரு அதிகாரியாவது பார்க்கிறார். முத்திரை இல்லாதவர் ஏமாந்தால் அவர் எந்தச் சம்பளத்துக்குப் போனார் என்பதற்கே பதிவு இருக்காது. என்னைக் கேட்டால் முதல் பயணம் ஈசிஆரிலேயே, ஒழுங்கான வழியில் போகட்டும்.

கம்பிப்பதம்

இதில் கணேசன் சாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பத்தாவது இருந்தால் வேறு எத்தனையோ கதவு திறக்கும், பயிற்சி வகுப்பில் சேர்வதிலிருந்து லைசென்ஸ் வரை. வளைகுடாவில் என்னோடு அடுப்பில் நின்ற ஒரு பையன் பத்தாவது முடித்திருந்த ஒரே காரணத்தால் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டான், இன்று அவன் கிச்சன் மேனேஜர். அவனைவிட நல்ல கை மூன்று பேர் இருந்தோம். ஒப்பந்தத்தைப் பாதுகாக்க முத்திரை வேண்டும் என்றில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும்.

காரச்சேவு

போகவே வேண்டாம் என்று சொல்ல ஒருத்தராவது வேண்டாமா? 2020 அக்டோபரிலிருந்து இங்கேயே உதிரி இனிப்புக்கும் 'எத்தனை தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று போர்டு வைக்கச் சொல்லிவிட்டார்கள். சின்னக் கடைக்காரன் எல்லாம் எந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல விவரமான மாஸ்டர் தேடுகிறான். மாமா சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை போட்டால் என்ன? நான் சாத்தூரிலிருந்து காரச்சேவு சப்ளை செய்கிறேன், மாமா அல்வா கொடுக்கட்டும். இரண்டு அர்த்தத்திலும் இல்லை.

வடக்குரதவீதி

கடைசித் தகவல். ஏஜென்டிடம் 'சமையல்காரர் என்று எழுதி, இ-மைக்ரேட் வழியாக அனுப்புங்கள், 35,400க்கு மேல் தரமாட்டோம்' என்று மாமாவை விட்டே பேசவைத்தேன். போனை வைத்த ஏஜென்ட் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. தீபாவளி சீசன் முடிந்து அட்வான்ஸை அடைப்பது, அதற்குள் கிண்டியில் பதிவு செய்வது என்று இப்போதைக்கு முடிவு. பத்தாவது எழுதுகிறேன் என்று மாமாவே ஆரம்பித்திருக்கிறார், நான் சொல்லவில்லை. கணக்குக்குப் பயமில்லையாம், இங்கிலீஷ்தான் உதைக்கிறதாம்.

தனித்தேர்வருக்கு அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும் என்கிறார்கள், அது மாவட்டக் கல்வி அலுவலகத்திலா? மதுரையில் வேலை பார்த்துக்கொண்டு தென்காசி மாவட்டத்தில் பதிய வேண்டுமா, மதுரையிலேயே பதியலாமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.